ராணி எதற்காக ஆற்றில் இறங்க வேண்டும்?

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன 'ர', எங்கே பெரிய 'ற' என்று இன்றைக்கும் என் மனைவி மல்லிகாவைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவள் எட்டாவது வரை படித்தவள். பத்திரிகை ஆபீஸில் என் காகிதத்தைப் பார்த்து கம்ப்யூட்டரில் அடிக்கிற பெண் போன வாரம் போன் செய்தார். "சார், மூணாவது பக்கத்துல நடுவுல இருக்கிறது எழுத்தா, எறும்பா?" என்று கேட்டார்.

எறும்புதான். நசுங்கிப்போயிருந்தது.

இந்த வாரம் கையெழுத்து இன்னும் மோசமாக இருக்கும். நடந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்தால் கை ஆடுகிறது. நான் என்ன செய்ய?

வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். ரைஸ் மில் களத்தில் அவித்த நெல்லைக் காலால் புரட்டுகிற வேலை. வாயைத் திறக்கவே கூச்சப்படுகிற ஆள். பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் யாராவது இறங்கும்போது கூடவே இறங்கித் திரும்பி நடந்து வருகிறவன். இதையெல்லாம் முன்பே எழுதிவிட்டேன். ஒன்றை மட்டும் இத்தனை நாளாகச் சொல்லவில்லை.

நான் எங்கள் ஊர் ராணி. இருபத்திரண்டு வருஷமாக!

மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். வைகாசியில் அம்மன் திருவிழா. மூன்றாம் நாள் சாயங்காலம் கூத்து. வெளியூரிலிருந்து செட் எல்லாம் கிடையாது. ஊர் ஆட்களே வேஷம் கட்டுவோம், ஆண்கள் மட்டும். ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல் என்பதால் எனக்கு ராணி வேஷம் வந்தது. பட்டுப்புடவையைக் கட்டிக் கிரீடத்தை வைத்ததும் எங்கிருந்துதான் பேச்சு வருமோ... மைக் இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். மறுநாள் காலையில் வேட்டியைக் கட்டினால் பழையபடி ஊமை. ஊரில் என் பேரையே மறந்துவிட்டார்கள். பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் நான் "ராணி அண்ணன்".

கதை எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தம். ராஜா யுத்தத்துக்குப் போயிருக்கிறார். ஆற்றில் வெள்ளம் வந்து கரை உடைகிறது. மந்திரி அழுகிறார், சேனாதிபதி அழுகிறார். குறி சொல்கிறவன் ஒருவன் வந்து, உத்தமி ஒருத்தி உடைப்பில் இறங்கினால்தான் தண்ணீர் அடங்கும் என்கிறான். ராணி இறங்குகிறாள். தண்ணீர் அடங்குகிறது. ராணி அம்மன் ஆகிறாள். எல்லாம் முடிந்த பிறகு ராஜா வந்து சேருகிறார். வந்து, பத்து நிமிஷம் அழுது பாடுகிறார்.

ராணி இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. கரையில் நின்று, "தாயே, நான் வருகிறேன்" என்று சொல்ல வேண்டும். உடனே கீழே உட்கார்ந்திருக்கிற பெண்கள் குலவை போட வேண்டும். நாக்கைச் சுழற்றி அவர்கள் எழுப்புகிற அந்தச் சத்தம் எழுந்தால்தான் நான் காலை எடுத்து வைக்கலாம். குலவை இல்லாமல் சாமி வராது. இது வழக்கம். இதில் என்ன இருக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை. சொன்னதும் குலவை வரும், நான் சாவேன். இருபத்திரண்டு வருஷமாக ஒரு தடவைகூடத் தாமதம் ஆனதில்லை.

இதற்கு நடுவே போன ஐப்பசியில் ஒன்று நடந்தது.

ஊர் ஆம்பளைகள் முக்கால்வாசிப் பேர் வேதாரண்யத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். நானும்தான். அன்று காலையிலேயே பிடித்த மழை. எங்கள் வேன் வழியில் தண்ணீரில் மாட்டிக்கொண்டது. இங்கே ஊரில் வாய்க்கால் கரை உடைந்துவிட்டது. நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பயிர். மல்லிகா ஒரு நடவு கோஷ்டிக்குத் தலைவி. அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள். அவர்கள்தான் போயிருக்கிறார்கள். மூங்கில் வெட்டி முளைக்குச்சி அடித்து, தென்னை மட்டையும் வைக்கோலும் திணித்து, சாக்கில் மண் கட்டிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு தடவை அறுத்துக்கொண்டு போனதாம். மூன்றாவது தடவை நின்றது.

சாயங்காலம் நாங்கள் வந்து சேர்ந்தபோது உடைப்பு அடைபட்டிருந்தது. பெண்கள் கரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? வரிசையாக நின்று பார்த்து, "முளைக்குச்சியை இன்னும் கொஞ்சம் நெருக்கி அடிச்சிருக்கலாம்" என்று யோசனை சொன்னோம்.

அவர்கள் மிச்ச டீயைக் குடித்தார்கள்.

இப்போது இந்த வைகாசிக்கு வருகிறேன். கூத்துக்குப் பத்து நாள் இருந்தது. ராணி கட்டுகிற புடவை மல்லிகாவின் கல்யாணப் பட்டு. அரக்குக் கலர். ஒவ்வொரு வருஷமும் அவளே எடுத்து, உதறி, வெயில் படாமல் காற்றாட விட்டுத் தருவாள். இந்தத் தடவையும் எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தரவில்லை.

"பொடவை தரேங்க. ஆனா ராணி சாகக் கூடாது" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. கதையே அதுதானே என்றேன்.

"ஒடப்புல ஒருத்தி போய் நின்னா அடைஞ்சிடுமா? அத்தனை மூட்டை போட்டும் ரெண்டு தடவை அறுத்துக்கிட்டுப் போச்சு. நீங்க பாக்கலை, நான் பாத்தேன். அங்க மந்திரி நிக்கிறான், சேனாதிபதி நிக்கிறான், குறி சொல்றவன் ஒருத்தன் வேலைவெட்டி இல்லாம நிக்கிறான். ஒருத்தன் கையிலயும் மம்புட்டி இல்லை. அவளை மட்டும் எறங்கச் சொல்றானுங்க."

அவள் புடவையின் கரையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "போன வருஷம் வரைக்கும் நீங்க சாகும்போது நான்தான் மொதக் குலவை போட்டேன். நெஞ்சு நிறைஞ்சுதான் போட்டேன். இனிமே முடியாதுங்க."

கேலி இல்லை, கோபம் இல்லை. அப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை. சரி என்றேன். புடவை கைக்கு வந்தது.

இரண்டு நாள் கழித்து வாத்தியார் மில் களத்துக்கே வந்துவிட்டார். அவர் அப்பாவுக்குப் பிறகு எங்களுக்குக் கூத்து சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். வருஷா வருஷம் பூதலூரிலிருந்து ஆர்மோனியத்தோடு வந்து தங்கிப் போவார். எழுபது வயதுக்கு மேல். சூடான களத்தில் செருப்பில்லாமல் நின்றார். பெண்கள் ஏதோ பேசிக்கொள்கிறார்களாமே என்று கேட்டார். ராணி இறங்காவிட்டால் கூத்து முடிந்ததாகாது, கூத்து முடியாவிட்டால் வருகிற தண்ணீருக்குக் கட்டுக் கிடையாது என்றார். கடைசியில் குரல் இறங்கிவிட்டது.

"எங்கப்பா கையால வாங்கின கதை தம்பி. நான் இருக்கும்போதே அதை உடைச்சிடாதே."

பெரியவர் கண்ணில் தண்ணீர். நான் என்ன சொன்னேன்?

சரி என்றேன்.

கூச்சக்காரனின் வியாதி இதுதான். ஊரே அவனை நல்லவன் என்று சொல்லும். அவனுக்கு "மாட்டேன்" என்று சொல்லத் தெரியாது, அவ்வளவுதான் விஷயம். ஒரே ராணியை இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் — ஒருவருக்கு உயிரோடு, ஒருவருக்குப் பிணமாக.

அடுத்த எட்டு நாளும் நெல்லைப் புரட்டிக்கொண்டே யோசித்தேன். எங்கள் பக்கத்து அம்மன்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். இந்த ஊர் அம்மன் யார்? கிணற்றில் விழுந்தவள். அடுத்த ஊர் அம்மன்? தீயில் இறங்கியவள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவள்? அண்ணன்மார் வெட்டிப் போட்டவள். உயிரோடு இருந்த வரைக்கும் இவர்களில் ஒருத்திக்காவது யாராவது உட்கார மணை போட்டிருப்பார்களா? ராஜா சாமியாவதற்குக் கோயில் கட்டினால் போதும், குளம் வெட்டினால் போதும். ராணி சாமியாக வேண்டுமென்றால் முதலில் செத்தாக வேண்டியிருக்கிறது. கதை எழுதினவர்கள் இதை ஒரு சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கல்லில் வேறு மாதிரியும் இருக்கிறது. ஒரு தடவை ஒரு பழைய சிவன் கோயிலில், காலேஜ் பிள்ளைகள் சுவரில் இருந்த எழுத்தைத் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தார்கள். தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். விளக்கு எரிப்பதற்காக ஒரு பெண் ஆடுகள் கொடுத்தாள் என்று அதில் இருந்தது. கொடுத்தாள், வீட்டுக்குப் போனாள், சாப்பிட்டிருப்பாள், தூங்கியிருப்பாள். சாகவில்லை. அப்படியும் பேர் சுவரில் நிற்கிறது. கல் வெட்டினவனுக்குத் தோன்றியது கதை கட்டினவனுக்கு ஏன் தோன்றவில்லை?

யோசித்து என்ன பயன்? கூத்து நாள் வந்துவிட்டது.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரம்பித்தோம். நல்ல கூட்டம். பள்ளிக்கூடத் திடலில் மேடை. மண் ஈரமாக இருந்ததால் எல்லோரும் வெறும் சாக்கை விரித்து அதில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பக்கம் முன்வரிசையில் மல்லிகாவின் கோஷ்டி, பன்னிரண்டு பேரும். நடுவில் மல்லிகா. என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. புடவையைத்தான் பார்த்தாள்.

வெள்ளம் வந்தது. இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து ஆட்டுகிற நீலத்துணிதான் எங்கள் வெள்ளம். மந்திரி அழுதார். சேனாதிபதி அழுதார். குறி சொல்கிறவன் சொன்னான். நான் கரைக்கு வந்து நின்றேன். வாத்தியார் ஆர்மோனியத்திலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பழக்கதோஷத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தாயே, நான் வருகிறேன்" என்றேன்.

சத்தமே இல்லை.

கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை கொஞ்சம் உரக்கச் சொன்னேன். பன்னிரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பின்னால் இருந்த பெண்களும் மூடிக்கொண்டார்கள். இத்தனை பெண்கள் ஒரே இடத்தில் இவ்வளவு அமைதியாக இருந்து எங்கள் ஊர் பார்த்ததில்லை. நீலத்துணி பிடித்தவர்களுக்குக் கை வலித்தது. மிருதங்கம் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது.

வாத்தியார் சைகை காட்டினார். தோழி வேஷம் கட்டியிருந்த இரண்டு ஆம்பளைகளும் தாங்களே குலவை போட முயன்றார்கள். உங்களில் ஆண்கள் யாராவது குலவை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? தயவுசெய்து வேண்டாம். ஒருவரிடமிருந்து சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம் வந்தது. இன்னொருவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். திடலின் ஓரத்தில் படுத்திருந்த நாய் எழுந்து குரைத்துவிட்டு வேறு இடத்தில் போய்ப் படுத்தது.

கூட்டம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

இதற்குள் திரைக்குப் பின்னால் இன்னொரு சங்கடம். டீக்கடை பன்னீர்தான் ராஜா. அந்தப் பத்து நிமிஷ அழுகைப் பாட்டுக்காக வருஷம் பூராவும் காத்திருக்கிற ஆள். ராணி செத்தால்தான் அவர் வர முடியும். திரையை விலக்கிக் கிரீடத்தை மட்டும் வெளியே நீட்டி, "அண்ணே, செத்தாச்சா இல்லையா?" என்று கேட்டார். அவர் மெதுவாகக் கேட்டதாகத்தான் நினைத்தார். அவர் முன்னால் மைக் இருந்தது.

நான் மல்லிகாவைப் பார்த்தேன். வாத்தியாரைப் பார்த்தேன். வேட்டியில் இருந்திருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பேன்.

அப்போதுதான் மல்லிகா எழுந்தாள். சண்டைக்கு எழுந்த மாதிரி இல்லை. வயலில் நாற்று கேட்கிற குரலில் சாதாரணமாகக் கேட்டாள்:

"ஏம்மா ராணி, சாக்கு எங்க?"

எனக்கு என்ன ஆனது என்று இப்போதும் தெரியவில்லை. மனப்பாடம் செய்யாத ஒரு வார்த்தையை மேடையில் நான் பேசியதே கிடையாது. ஆனால் ராணி திரும்பினாள். மந்திரியைப் பார்த்தாள்.

"மந்திரி, அழுதது போதும். ஊரில் சாக்கு எத்தனை இருக்கிறது?"

மந்திரி பரிதாபமாக வாத்தியாரைப் பார்த்தார். பதில் கீழேயிருந்து வந்தது — "இந்தாங்க!" உட்கார்ந்திருந்த சாக்கை உருவிப் பெண்கள் மேடைக்கு வீசினார்கள். ஒன்று, பத்து, ஐம்பது... சாக்கு பறந்து வந்தது. சேனாதிபதி வாளைக் கீழே வைத்துவிட்டுச் சாக்கைப் பொறுக்கினார். குறி சொல்கிறவனைப் பார்த்து, "நீ எதுக்கு நிக்கிற? முளைக்குச்சி அடி" என்றேன். அவன் கையில் இருந்த கோலையே நட்டான். பாவம், நல்ல பையன்.

பன்னீர் இனித் தாங்க மாட்டார் என்று தெரிந்தது. ராஜா யுத்தத்திலிருந்து சீக்கிரமாகவே வந்துவிட்டார். வந்ததும் என் காலடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

"மகாராஜா, அழுவுறதை அப்புறம் வெச்சுக்கலாம். இந்தச் சாக்கு முனையைப் பிடிங்க" என்றேன்.

பிடித்தார்! நீலத்துணியின் மேல் சாக்கு குவிந்தது. ஆட்டியவர்கள் கை ஓய்ந்து துணியைக் கீழே விட்டார்கள். வெள்ளம் அடங்கியது. அப்போது எழுந்ததே ஒரு குலவை... முதல் குலவை மல்லிகாவுடையது. எந்தக் கூட்டத்திலும் அதை எனக்கு அடையாளம் தெரியும். இருபத்திரண்டு வருஷம் கேட்டிருக்கிறேன். எல்லாம் நான் சாவதற்கான குலவை. இது வேறு மாதிரி இருந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஆனால் கூத்து முடியவில்லை. பூசாரி கற்பூரத் தட்டோடு மேடை ஏறிவிட்டார். அம்மன் ஆனவளுக்குக் காட்ட வேண்டும். யாருக்குக் காட்டுவது? ராணி உயிரோடு நிற்கிறாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு. கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது. பூசாரி வாத்தியாரைப் பார்த்தார். ஊரே வாத்தியாரைப் பார்த்தது.

"செத்தாத்தானேம்மா சாமி?" என்றார் வாத்தியார். கோபமாக இல்லை. தெரியாமல் கேட்கிறவர் மாதிரிக் கேட்டார்.

"உசுரோட இருக்கறவளுக்கு ஒரு தடவை காட்டிப் பாருங்களேன் வாத்தியாரய்யா" என்றாள் மல்லிகா.

அவர் மேடையில் கிடந்த சாக்கையெல்லாம் பார்த்தார். பெண்கள் பக்கம் பார்த்தார். பன்னிரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஆர்மோனியத்தின் மேல் குனிந்து அம்மன் வருகிற பாட்டை ஆரம்பித்தார். அவர் அப்பா கையால் வாங்கிய அதே பாட்டு. ஒரு எழுத்து மாற்றவில்லை. பூசாரி எனக்குக் கற்பூரம் காட்டினார்.

பன்னீர் மட்டும் விடவில்லை. வருஷம் பூராவும் சாதகம் செய்த பாட்டாயிற்றே! உயிரோடு நிற்கிற பெண்டாட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, செத்துப்போனவளுக்கான ஒப்பாரியைப் பத்து நிமிஷமும் பாடித் தீர்த்தார். பெண்கள், "பாடட்டும், பாவம்" என்று விட்டுவிட்டார்கள். பின்னாலிருந்து ஒரு அம்மாள் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது: "பொண்டாட்டி இருக்கும்போதே இம்புட்டு அழுவுறாரே, தங்கமான மனுஷன்."

மறுநாள் வாத்தியாரைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனவன் வழக்கம்போல் வாயைத் திறக்காமல் நின்றேன். அவரேதான் பேசினார். சாக்குப் போடுகிற இடத்துக்கு வசனம் போதாது, அடுத்த வருஷத்துக்குள் எழுதி வைக்கணும், உன் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லு என்றார். பஸ் நகர்ந்த பிறகு ஜன்னலில் தலையை நீட்டி, "ராணிக்குப் பாட்டும் பத்தலை" என்றார்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் என் வீட்டில் பன்னிரண்டு பேர். மல்லிகா நோட்டுப் போட்டு எழுதுகிறாள். அடுத்த வைகாசிக்கு அவள்தான் ராணி. அவள் புடவையை அவளே கட்டிக்கொள்வாள். கேட்டதும் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லக் கூடாது, உள்ளே கொஞ்சம் கனத்தது. வருஷத்தில் ஒரு நாள் எனக்குப் பேச்சு வரும். அதுவும் இனி இல்லையே என்று நினைத்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள். ராணிக்கு ஒரு மாமியார் வேண்டுமாம். அரண்மனையே நடுங்குகிற மாதிரி, வாய் ஓயாமல் பேசுகிற மாமியார். கூத்திலேயே அவளுக்குத்தான் வசனம் அதிகமாம்.

அந்த வேஷத்தை யார் கட்டுவது என்று கேட்டேன்.

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆனி 14, ஞாயிற்றுக்கிழமை